ஃபான் பெல்ட் மாற்றுவதும் பிரேக் வேலையே

பழைய டீசல் வான்களில் நாம் செய்யும் வேலைகளுள் மிக மலிவாக மதிக்கப்படுவது ஃபான் பெல்ட் மாற்றுவதுதான். சாரதி கராஜ் வாசலிலேயே நின்று காத்திருப்பார். வேலை பழகும் பொடியனிடம் ஸ்பனரைக் கொடுத்துவிட்டு, பெரிய மெக்கானிக் வேறொரு வாகனத்தின் கியர்பெட்டிக்குள் தலையை விட்டுவிடுவார். பில்லில் பெல்ட்டின் விலை இருக்கும். வேலைக்கூலி என்று ஒரு வரிகூட இராது. இந்த வழக்கத்தை நம் தொழிலில் உள்ள எல்லோரும் சேர்ந்து கைவிடவேண்டும் என்பதே இவ்விதழில் நாம் விடுக்கும் வேண்டுகோள். ரொயோட்டா ஹையேஸ் போன்ற பழைய டீசல் வான்களில் ஃபான் பெல்ட், பிரேக் அமைப்பின் ஓர் உறுப்பு. அதைக் கழற்றி மாட்டும்போது பிரேக்கில் கை வைக்கும் அதே கவனம் வேண்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டைச் சுமந்தவை பழைய வான்கள். நாம் டொல்பின் என்று அழைக்கும் ஹையேஸ்கள் 1989 முதல் 2004 வரை ஜப்பானில் செய்யப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றில் கடைசியாக வந்ததற்கே இன்று இருபது வயது தாண்டிவிட்டது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் குடும்பங்களைக் கொண்டுபோவதும் இன்னும் இவைதான். புதிய வான்களின் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் இன்னும் பல ஆண்டுகள் இவை ஓடத்தான் போகின்றன. அவற்றைப் பாதுகாப்பாக ஓடவைக்கும் பொறுப்பு நம்முடையது. ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளக்கிறது. பெல்ட்டை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பு நம்மில் மூத்தவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு அதை யாரும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெற்றோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியிலேயே போதிய வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் பூஸ்டர் அதை எடுத்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் அந்த அளவு வெற்றிடம் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வக்கியூம் பம்ப் வேண்டும். ஹையேஸில் வரும் எல் வரிசை எஞ்சின்களில், அதாவது 2446 சிசி 2எல், 2779 சிசி 3எல், 2986 சிசி 5எல் ஆகியவற்றில், அந்தப் பம்ப் அல்ரனேற்றரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டு அதே தண்டில் சுழல்கிறது. எஞ்சின் ஒயில்தான் அதற்கு மசகு. நிசான் கரவான், மிற்சுபிஷி டெலிக்கா ஆகியவற்றின் பழைய டீசல்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் அல்ரனேற்றரையும் சுற்றும் அந்த இரட்டை பெல்ட் நின்றால் குளிரூட்டல் நிற்கும், சார்ஜ் நிற்கும், பிரேக்குக்கான வெற்றிடமும் நிற்கும்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும் ஏ5 வீதியில், ஆள் நிறைந்த ஒரு டொல்பினில் இது நடப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒரு பெல்ட் அறுகிறது. அறுந்தது கப்பியில் சுற்றிக்கொண்டு மற்றதையும் கழற்றி எறிகிறது. எஞ்சின் நிற்பதில்லை. மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்பை ரைமிங் பெல்ட் ஓட்டுகிறது. எரிபொருள் வால்வைத் திறந்துவைக்க பற்றரியில் இருக்கும் மின்சாரம் போதும். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் வெப்பமானி முள்ளும் உடனே ஏறாது. பவர் ஸ்டியரிங்குக்குத் தனி பெல்ட் உள்ள வானில் வளையம் வழக்கம்போல் இலகுவாகத் திரும்பும். சாரதியின் கண்ணுக்குத் தெரிவது பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்றுதான். ‘சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று அவர் ஓட்டுகிறார். பூஸ்டருக்குள் மீதியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். அடுத்த வளைவில் பெடல் கல்லாக இறுகி நிற்கும். ஹைட்ரோலிக் பிரேக் அப்போதும் பிடிக்கும்தான். ஆனால் பழகிய கால் பலத்தைப்போலப் பன்மடங்கு வேண்டும். அது தெரியாத சாரதி பதறிப்போய்ப் பெடலைத் திரும்பத் திரும்பக் குத்துவார். எஞ்சியிருந்த கொஞ்ச உதவியும் அதில் போய்விடும்.

எனவே நாம் செய்யக்கூடிய முதல் வேலைக்கு ஸ்பனரே தேவையில்லை. இந்த வானில் பற்றரி விளக்கு எரிந்தால் அதைப் பிரேக் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு சாரதிக்கும் சொல்லி அனுப்பவேண்டும். விளக்கு எரிந்ததும் எஞ்சினை நிறுத்தாமல் கியரைக் குறைத்து, பெடலைக் குத்தாமல் ஒரே மிதியில் அழுத்திப் பிடித்து, ஹாண்ட் பிரேக்கையும் துணைக்கு எடுத்து ஓரங்கட்டவேண்டும். இரண்டு நிமிடப் பேச்சு இது. இதைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுப்பது அரைகுறை வேலை.

இனிக் கைவேலைக்கு வருவோம். பெல்ட்டின் முதுகைப் பார்த்து ‘வெடிப்பு இல்லை, இன்னும் ஓடும்’ என்று சொல்வது போதாது. வி பெல்ட் இழுப்பது பக்கச் சுவர்களால். முதுகுக்கும் அடிக்கும் அதில் பங்கில்லை. கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பக்கச் சுவர் மங்கலான கறுப்பாகச் சொரசொரப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடிபோல் மினுங்கினால் அது நழுவிச் சூடேறி இறுகிவிட்டது. விரலால் மடித்துப் பிடித்தால் உட்பற்களின் அடியில் மயிரிழைக் கீறல்கள் வாய் திறக்கும். ஓரத்தில் நூல் பிசிறு தெரிந்தால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். தொட்டால் மெதுமெதுவென்று ஊதியிருந்தால் எங்கோ ஒயில் கசிகிறது; பெரும்பாலும் கிராங்கின் முன் சீல். கசிவை நிறுத்தாமல் புதிய பெல்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். இன்றைய புதுவகை றப்பர் பெல்ட்கள் தேய்ந்து மெலிந்தாலும் வெடிப்புக் காட்டாமல் ஓடக்கூடியவை என்பதையும் மனதில் வையுங்கள். அவற்றில் பார்க்கவேண்டியது பெல்ட் கப்பியில் எந்த மட்டத்தில் உட்காருகிறது என்பதையே. முதுகு கப்பி விளிம்போடு ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கவேண்டும். கீழே இறங்கி அடியைத் தொட்டால் ஆப்புப் பிடி போய்விட்டது. காடியின் அடிப்பகுதி மினுங்கினால் குற்றம் கப்பியிலும் இருக்கலாம். தேய்ந்த கப்பியில் எவ்வளவு நல்ல பெல்ட்டும் நிலைக்காது.

இரட்டை பெல்ட்டில் ஒன்று மட்டும் பழுதென்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது நீண்டிருக்கும், புதியது தனியாகச் சுமை முழுவதையும் இழுக்கும். இரண்டையும் ஒரே தயாரிப்பில், சோடியாக வாங்கவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து தருவிக்கும்போது ‘சோடி’ என்று எழுதிக் கேளுங்கள். பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுவதும் சரியல்ல. அது எவ்வளவு நீண்டிருக்கிறதென்று அதற்கே தெரியாது. அச்சிட்ட இலக்கத்தைப் பாருங்கள்.

மாட்டும்போது ஸ்குரூட்றைவரால் நெம்பி ஏற்றும் பழக்கம் இன்னும் பல கராஜ்களில் இருக்கிறது. அந்த ஒரு நெம்பலில் பெல்ட்டுக்குள் ஓடும் இழுநூல் அறுந்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீற்றரில் பெல்ட் போய்விடும், நாம் கம்பனியைத் திட்டுவோம். அல்ரனேற்றரின் கீழ்ப் போல்ட்டையும் பூட்டுப் போல்ட்டையும் நன்றாகத் தளர்த்தி, உள்ளே தள்ளி, பெல்ட் கையாலேயே ஏறும்படி செய்யவேண்டும்.

இறுக்கத்தில்தான் கைப்பழக்கம் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. பெருவிரலால் அழுத்தி ‘சரி’ என்பவரின் அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. ரொயோட்டாவின் கைநூல்கள் 10 கிலோ விசையில் அழுத்தி எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறது என்று அளக்கச் சொல்கின்றன. புதிய பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிய பெல்ட்டுக்கு வேறோர் அளவு. எஞ்சினில் 5 நிமிடம் ஓடிவிட்டாலே பெல்ட் ‘ஓடியது’ ஆகிவிடும் என்றும் அவை சொல்கின்றன. முதல் 5 நிமிடத்திலேயே பெல்ட் காடியில் படிந்து இறுக்கம் இறங்கிவிடுகிறது என்பதே அதன் பொருள். ஆகவே மாட்டி, ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி அளப்பது வேலையின் ஒரு பகுதி. சில நாள் ஓடியபின் திரும்பக் கொண்டுவரச் சொல்வதும் அப்படியே. சத்தத்துக்குப் பயந்து அளவுக்கு மேல் இறுக்கினால் தண்ணீர்ப் பம்பினதும் அல்ரனேற்றரினதும் பெயாரிங்குகள் அதன் விலையைக் கொடுக்கும். கிறீச்சிடும் பெல்ட்டில் சவர்க்காரம் தேய்ப்பதும் ஸ்பிரே அடிப்பதும் சத்தத்தை மட்டுமே அடக்கும். நழுவல் அப்படியே இருக்கும்.

சாவியைக் கொடுக்குமுன் பிரேக்கைச் சோதித்தே ஆகவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை இறுகும்வரை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினைத் தொடக்குங்கள். பெடல் காலடியில் சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பம்ப், அதன் குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். மீளமைத்த அல்ரனேற்றர் போட்ட வானில் இது இன்னும் முக்கியம். நன்றாகச் சார்ஜ் செய்யும் அல்ரனேற்றரின் பின்னே தகடுகள் தேய்ந்த வக்கியூம் பம்ப் இருக்கலாம்.

ரைமிங் பெல்ட்டைப் பற்றியும் சில வார்த்தை. எல் வரிசையில் கேம் தண்டையும் இன்ஜெக்‌ஷன் பம்பையும் ஓட்டுவது அதுதான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றும் தவணை 100,000 கிலோமீற்றர். பல வான்களில் அந்தக் கணக்குக்கு டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனால் அந்த விளக்கு ஓடோமீற்றரைப் பார்த்தே எரிகிறது. மீற்றர் மாற்றிய, பல கை மாறிய வானில் அதை நம்பமுடியாது. எப்போது மாற்றியதென்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது ஐட்லர் பெயாரிங்கையும் கிராங்க், கேம் சீல்களையும் சேர்த்து மாற்றுவதும், தொடக்குமுன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுழற்றிக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் கட்டாயம். முன்புறம் முழுவதும் திறந்திருக்கும் அந்த நேரத்தில் வெளிப்பெல்ட்களையும் சோடியாக மாற்றிவிட்டால் வாடிக்கையாளருக்குக் கூலி மிச்சம்.

கூலியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கிறது. அளந்து, ஓடவிட்டு, மறுபடி அளந்து, பிரேக் சோதித்துக் கொடுக்கும் வேலைக்கு நேரம் போகும். அந்த நேரத்துக்குக் கூலி எழுதத் தயங்குவதால்தான் நாம் அதைச் சுருக்குகிறோம். பில்லில் ‘பெல்ட் மாற்றமும் பிரேக் வக்கியூம் சோதனையும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் சீற்றைத் தூக்கி அல்ரனேற்றரின் பின்னால் இருக்கும் பம்பைக் காட்டுங்கள். தன் பிள்ளையையோ பிறர் பிள்ளையையோ ஏற்றி ஓடுபவர் அதைக் கண்ட பிறகு பேரம் பேசமாட்டார். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்த கராஜில் அதைத் திறப்பவருக்கு உதவும்.

வேலை பழகும் பொடியனிடமே இந்த வேலையைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் அவனுக்குப் பம்பைக் காட்டி, அதன் வேலையைச் சொல்லி, சோதனையை அவன் கையாலேயே செய்யவைத்து, அவன் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஃபான் பெல்ட்டைப் பிரேக் வேலையாகக் கற்றுக்கொண்ட ஒருவன் நாளை தனிக் கராஜ் போட்டாலும் அதை அப்படியே செய்வான். இந்த வான்கள் வீதியில் இருக்கும்வரை நமக்கு வேண்டியது அப்படிப்பட்ட மெக்கானிக்குகளே.