அளவுகோலின் முன் நிமிர்ந்த கார்

பள்ளிக்கூடத்துக்கு வித்தியாதரிசி வரும் நாள் எப்படி இருக்கும் என்பதை அந்தக் காலத்து மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். கரும்பலகை கழுவப்பட்டிருக்கும், கொப்பிகளுக்குப் புது உறை போடப்பட்டிருக்கும், ஓயாது பேசும் கடைசி வாங்கு அன்று மௌனவிரதம் பூண்டிருக்கும். தரிசியாரின் வண்டி படலையைத் தாண்டியதும் வகுப்புத் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாணவராயிருந்த நாளில் நாமும் அப்படித்தான் இருந்தோம். இந்த வித்தையைக் கற்ற மோட்டார் கார் ஒன்றும் உலகில் இருந்தது. அதன் கதையை இவ்வாரம் சொல்ல விரும்புகின்றோம்.

பந்தயக் கார்கள் ஏன் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன? புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் வளைவுகளில் வண்டி சாயும் இயல்பு குறையும் என்பது பௌதிகம் படிக்கும் மாணவர் அறிந்ததே. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் லோட்டஸ் நிறுவனத்தார் இதற்கு மேலும் ஒரு காரணத்தைச் சேர்த்தனர். காரின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துவைத்த விமானச் சிறகுபோல் அமைத்தால், அதற்கும் வீதிக்கும் இடையே விரைந்தோடும் வளியின் அமுக்கம் குறைகின்றது. மேலேயுள்ள வளி வண்டியை நிலத்தை நோக்கி அழுத்துகின்றது. சில்லுகள் வீதியை இறுகப் பற்றுவதால் வளைவுகளிலும் வேகமாக ஓடலாம். பக்கங்களால் வளி புகாதவாறு, மேலும் கீழும் நகரும் தடுப்புகளையும் தொங்கவிட்டனர். 1978 இல் மரியோ அன்ட்றெற்றி லோட்டஸ் காரில் உலகப் பட்டம் வென்றார். ஏனையோரும் அவ்வழியே சென்றனர்.

வேகம் அளவு கடக்கவே, 1981 இல் சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தார் நகரும் தடுப்புகளைத் தடைசெய்து, காருக்கும் நிலத்துக்கும் இடையே 6 சென்ரிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும் என விதித்தனர். நோக்கம் நல்லதே. ஆயின், பாய்ந்தோடும் வண்டியின் கீழே அளவுகோல் பிடிப்பவர் யார்? அது நிற்கும்போது மட்டுமே அளக்க முடிந்தது.

பிராபம் அணியின் வடிவமைப்பாளரும் தென்னாபிரிக்காவிற் பிறந்தவருமான கோர்டன் மரே இதனைக் கண்டுகொண்டார். அவரது கார், நிற்கும்போது மென்மையான வளிவில்லுகளின்மேல் விதித்த உயரத்தில் நிற்கும். வேகமெடுத்ததும், மேலிருந்து அழுத்தும் வளியே அதனைத் தாழ்த்திவிடும். அப்போது சில்லுகளின் தாங்கிகளிலுள்ள திரவம் வேறொரு கலத்துக்குட் செல்லும். வளைவில் வேகம் குறைந்தாலும் கார் உடனே எழாது. ஏனெனில் திரவம் மிக நுண்ணிய துவாரங்களினூடாகவே திரும்பவேண்டும். பந்தயம் முடிந்து சாரதி ஆறுதலாக ஒரு சுற்று வருகையில் கார் மெல்ல மெல்ல உயரும். அதிகாரிகள் முன் வந்து சேரும்போது நிமிர்ந்து நிற்கும்!

1981 ஏப்ரல் 12 ஆந் திகதி ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் நெல்சன் பிக்கே இக்காரில் எளிதாக வென்றார். ஏனைய அணிகள் முறையிட்டன. ஓடும்போது தன் வில்லின்மேல் அமிழாத கார் எது என்ற கேள்விக்கு விதியில் விடை இருக்கவில்லை. முறையிட்டவர்களும் விரைவில் அவ்வித்தையைப் பின்பற்றினர்; சில கார்களில் சாரதி ஆளியொன்றைத் தட்டியே உயரத்தை மாற்றினார். அவ்வாண்டின் உலகப் பட்டத்தைப் பிக்கே ஒரே ஒரு புள்ளியால் வென்றார்.

இதற்கு விலை கொடுத்தவர் யார்? தாழ்ந்த கார் நிலத்தில் முட்டாதிருக்க வில்லுகளை அசைவற்றனபோல் இறுக்கினர். வீதியின் ஒவ்வொரு மேடும் சாரதியின் முதுகெலும்பையே தாக்கிற்று. விதியை ஏய்க்க வழி கண்டவர் மேசையருகே இருந்தார். அதன் நோவை ஆசனத்திலிருந்தவர் அனுபவித்தார். 1983 இல் அடிப்பாகம் தட்டையாகவே இருத்தல் வேண்டும் எனப் புதுவிதி வந்தது.

1994 இல், அயர்ட்டன் சென்னா உயிரிழந்த விபத்தின் பின்னர், வேறொரு வழியைக் கண்டனர். காரின் அடியில் 10 மில்லிமீற்றர் தடிப்பான மரப்பலகை ஒன்றைப் பொருத்தினர். கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடினால் பலகை வீதியில் உராய்ந்து தேயும். 1 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்திருந்தால் பெற்ற வெற்றி பறிபோகும். அவ்வாண்டே பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கர் இதனால் தகுதி இழந்தார். 2023 இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹமில்ரனுக்கும் இக்கதியே நேர்ந்தது. நிமிர்ந்து நிற்பதனால் இப்பலகையை ஏமாற்ற இயலாது. ஓடிய ஓட்டம் முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

மரேயின் மதிநுட்பத்தை நாம் வியக்கின்றோம். பௌதிகத்தை அவ்வளவு நேர்த்தியாகக் கையாள்வது எளிதன்று. ஆயினும், பெற்றோர் பிள்ளையின் படிப்பை அறிய விரும்பினால், பரிசோதனை நாளில் போட்ட புது உறையைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம் என்போம். கொப்பியைத் திறந்து, யாரும் வராத நாள்களில் எழுதிய பக்கங்களைப் பார்ப்பார்களாக. எமது கொப்பிகளை அன்று அப்படிப் பார்த்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு நாம் இன்றும் கடமைப்பட்டுள்ளோம்.