வரிசையும் ஒரு பண்டம்

திரைப்படத்திலே கண்ட ஊரைக் கல்லாலும் மரத்தாலும் கட்டி, கட்டணம் பெற்று அதனுள் மக்களை உலவவிடும் கேளிக்கைப் பூங்காக்கள் இன்று பெருந்தொழிலாக வளர்ந்துள்ளன. அவற்றைப் போற்றுவோர் ஒரு வாதத்தை ஓயாது கூறிவருகின்றனர். கதையின் சூழலுக்கு உண்மையாக இருப்பதாயின் வீதி குறுகலாகத்தான் இருக்கும். கடை சிறிதாகத்தான் இருக்கும். ஆகவே நெரிசலும் நெடுநேரக் காத்திருப்பும் கலைக்குச் செலுத்தும் காணிக்கை என்பதே அவ்வாதம். கலையின் பெயரால் சொல்லப்படும் இச்சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, ஓர்லாண்டோ நகரில், யூனிவர்சல் நிறுவனம் 2010 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆந் திகதி ஹரி பொட்டர் கதையில் வரும் ஹொக்ஸ்மீட் கிராமத்தைத் திறந்துவைத்தது. கட்டியவர்களின் கைத்திறனைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. கோணிய கூரைகள், அவற்றின்மேல் உறைந்து கிடக்கும் பனி, புகைபோக்கிகள், குன்றின்மேல் பள்ளிக்கோட்டை என, திரையிலே கண்டது கண்முன் நிற்கிறது. கோட்டையினுள் செல்லும் வரிசைகூடப் பேசும் ஓவியங்கள் தொங்கும் கூடங்களினூடாக வளைந்து செல்கிறது. நிற்பவர் தாம் நிற்பதை மறக்கும்படி செய்த வேலை அது. கூரையிற் கிடப்பது மார்கழிப் பனி. கீழே நிற்பவர் தலையில் எரிப்பது முப்பது பாகையைத் தாண்டும் கோடை வெயில்.

இக்கிராமம் அமைந்துள்ள பூங்காவுக்கு 2009 இல் ஏறத்தாழ 46 இலட்சம் பேரும், 2011 இல் ஏறத்தாழ 76 இலட்சம் பேரும் வந்ததாக மதிப்பிட்டுள்ளனர். இரண்டே ஆண்டுகளில் முப்பது இலட்சம் பேர் கூடினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடி வந்தது அந்த ஒரு சிறு வீதியையே.

அவ்வீதியில் ஒலிவாண்டரின் மந்திரக்கோற் கடை இருக்கிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 பேர் மட்டுமே உள்ளே செல்லலாம். அவர்களுள் பெரும்பாலும் ஒரு குழந்தையை மட்டும் தெரிந்தெடுத்து, மந்திரக்கோல் தன் உடையவரைத் தேர்ந்துகொள்ளும் காட்சியை நடத்திக் காட்டுவர். ஏனையோர் பார்த்து நிற்பர். பின்பு எல்லோரும் கோல்கள் விற்கும் இடத்துக்கு வந்து சேர்வர். வெளியிலோ அடுத்த 25 பேருக்கான வரிசை வெயிலிலே நீளும். கடை சிறிதாயிருப்பது கதைக்கு விசுவாசம் என்கிறார்கள். ஆனால் மூலக்கதையில் அக்கடை ஹொக்ஸ்மீட்டில் இல்லவே இல்லை! அது இலண்டன் நகரின் டயகன் சந்தில் உள்ளது. 2010 இல் பூங்காவில் டயகன் சந்து இருக்கவில்லை. மந்திரக்கோலை விற்றாக வேண்டியிருந்தது. எனவே கிளைக்கடை என்று பெயர் சொல்லிக் கிராமத்துக்கு இடம்பெயர்த்தனர். விற்பனைக்காகக் கதையின் பூகோளத்தையே மாற்றத் துணிந்தவர்கள், நிற்பவர் கால்வலிக்காகச் சுவரை நான்கு முழம் தள்ளிக் கட்டுவது மட்டும் கதைக்குத் துரோகம் என்பதை எப்படி நம்புவது?

நெரிசலைத் தீர்க்கும் வழி தெரியாமலும் இல்லை. 1955 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் நடுவே ஒரு வட்டவெளியை அமைத்து, அதிலிருந்து வழிகள் பல பக்கமாகப் பிரிந்து கூட்டத்தைக் கலைத்தனுப்பும்படி செய்திருந்தனர். 1971 இல் புளோரிடாவில் எழுந்த டிஸ்னிப் பூங்காவிலோ, ஓர் உலகத்துக்குரிய உடை அணிந்த தொழிலாளி இன்னோர் உலகத்தின் வீதியிலே நடந்து கதைச்சூழலைக் கெடுத்துவிடாதபடி, மக்கள் நடக்கும் தளத்தின் கீழே நீண்ட நடைவழிகளை அமைத்தனர். தொழிலாளியை மறைப்பதற்கு ஒரு தளம் முழுவதையும் கட்டத் தெரிந்தவர்களுக்கு, வரிசைக்கு நிழல் தரத் தெரியாது என்பார் எவருமிலர்.

நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துப் புள்ளும் உணவும் தொழிலும் கருப்பொருள், அங்கே மாந்தர் ஒழுகும் ஒழுக்கமே உரிப்பொருள் என்று படித்தவர்கள் நாம். பூங்கா முதலாளிகள் முதலையும் கருவையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். பனி உண்டு, ஆந்தை உண்டு, குடிப்பதற்குப் பட்டர்பியரும் உண்டு. பாலை நிலத்தை மணலாலும் கள்ளியாலும் கட்டிவிடலாம். பிரிவை எதனாற் கட்டுவது? இக்கதையின் உரிப்பொருள் யாது? பெரியம்மா வீட்டின் மாடிப்படிக் கீழறையில் வளர்ந்த அநாதைச் சிறுவனும், அண்ணன்மாரின் பழைய அங்கியோடும் பழைய கோலோடும் பள்ளிக்கு வரும் ரொன் என்ற ஏழைச் சிறுவனும் கொள்ளும் தோழமை அது. தூய இரத்தம் என்று செருக்கும் செல்வக் குடும்பங்கள் கதையிலே பகைவர்கள். (தூய இரத்தம் என்பதன் பொருளை நம் நாட்டு மாணவருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.) அப்படிப்பட்ட கதையின் கற்சுவர்களுக்கிடையே இன்று இரண்டு வரிசைகள் ஓடுகின்றன.

யூனிவர்சல் பூங்காக்களில் நுழைவுச்சீட்டுக்கு மேலாக விரைவுச்சீட்டு ஒன்று விற்கப்படுகிறது. கூட்டம் மிகும் நாளில் அதன் விலையும் மிகும். நிறுவனத்தின் உயர்தர ஹோட்டல்கள் சிலவற்றில் தங்குவோருக்கு அது அறை வாடகையோடு சேர்ந்தே கிடைக்கும். டிஸ்னியின் கதை இன்னும் தெளிவானது. 1999 இல் அந்நிறுவனம், குறித்த நேரத்துக்கு வந்து வரிசையைத் தவிர்க்கும் சீட்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2021 ஒக்டோபரில் புளோரிடாவில் அவ்வசதிக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலர் முதலாக விலை வைத்தது. 2024 இல் எல்லா விரைவு வழிகளையும் ஒருமுறை பயன்படுத்தும் சீட்டை அறிமுகப்படுத்தி, அதற்கு 449 டொலர் வரை விலை கூறியது. நுழைவுக் கட்டணம் இதிற் சேராது.

இங்கே விற்கப்படுவது யாது? மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றும் ஊர்தி ஒன்று உண்டென வைத்துக்கொள்வோம். அதில் அறுநூறு இடங்களை விலைகொடுத்தோருக்கு ஒதுக்கினால், மற்றையோருக்கு எஞ்சுவது நானூறு. ஊர்தி வேகமாக ஓடவில்லை. ஓர் இருக்கையும் கூடவில்லை. ஏழையின் நேரத்தைப் பிடுங்கிப் பணக்காரனுக்கு விற்றிருக்கிறார்கள், அவ்வளவே. வரிசை நீண்டால்தான் அதைத் தாண்டும் சீட்டு விலைபோகும். நோய் தீர்ந்தால் மருந்து விலைபோகாது என்று அறிந்த வைத்தியனிடம் நாடி பார்க்கக் கொடுப்பது போன்றது, இம்முதலாளிகளிடம் நெரிசலைத் தீர்க்கும் பொறுப்பை விடுவது. 2019 ஜூன் 13 ஆந் திகதி ஹொக்ஸ்மீட்டில் ஹக்ரிட்டின் பெயரால் புதிய ஊர்தி ஒன்று திறக்கப்பட்டபோது காத்திருப்பு நேரம் பத்து மணித்தியாலம் வரை சென்றது. ஒரு முழுநாள் வேலையிலும் அதிகம். அதனைச் சிலர் வெற்றி என்று கொண்டாடினர்!

தொழிலாளர் பக்கமும் சற்றே நோக்குவோம். 2018 இல் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உடன்பாட்டின்படி, புளோரிடா டிஸ்னித் தொழிலாளரின் ஆகக் குறைந்த மணிக்கூலி 10 டொலரிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2021 ஒக்டோபரில் 15 டொலரை எட்டியது. வரிசை தாண்டும் சீட்டு 15 டொலருக்கு விற்பனைக்கு வந்ததும் அதே மாதத்திலேயே. ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேர உழைப்பும், ஒருவர் ஒரு நாள் வரிசையில் முந்திச்செல்லும் உரிமையும் ஒரே விலை.

இவை யாவும் வசதி படைத்தோரின் விளையாட்டு, விரும்பாதவர் போகாதிருக்கலாமே என்று சிலர் கூறுவர். ஆண்டெல்லாம் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச்செல்லும் தொழிலாளக் குடும்பங்களை அவர்கள் கணக்கிலெடுப்பதில்லை. அனைவருக்கும் ஒரே வரிசை, நாளொன்றுக்கு வீதி தாங்கும் அளவுக்கே நுழைவுச்சீட்டு, இலவசமாக நேரம் குறித்த இலக்கச்சீட்டு, நிற்குமிடத்தில் நிழலும் இருக்கையும் வேண்டும் எனக் கேட்பது கலைக்குப் பகையன்று. இவற்றால் கூரைப்பனியில் ஒரு துளியும் உருகாது.

கதையிலே ஹரியும் ரொன்னும் முதன்முதலாக அயலமர்ந்து பேசுவது பள்ளிக்குச் செல்லும் புகைவண்டியில். தின்பண்டம் வாங்கக் காசில்லாத ரொன்னோடு ஹரி தான் வாங்கியவற்றைப் பகிர்ந்துகொள்வதும் அங்கேதான். 2014 இல் அப்புகைவண்டியையும் யூனிவர்சல் ஓடவிட்டது. அடுத்தடுத்துள்ள இரண்டு பூங்காக்களில், ஒன்றில் இலண்டன் நிலையம். மற்றையதில் ஹொக்ஸ்மீட் நிலையம். பயணம் சில நிமிடங்களே. யன்னல்களில் ஸ்கொத்லாந்தின் மலைகள் திரையிலே ஓடும். இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியவர் மட்டுமே ஏறலாம். ஒரு பூங்காவுக்கு மட்டும் சீட்டு வைத்திருக்கும் பிள்ளை நிலைய வாயிலுக்கு வந்தால், மேலதிகப் பணம் கட்டிச் சீட்டை மாற்றிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பப்படும்.