முழு சூரிய கிரகணம்: கண்ணாடியை எப்போது கழற்றலாம்?

2019 டிசம்பர் 26 காலை ஞாபகம் இருக்கிறதா? கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை எனத் தமிழகத்தின் பல ஊர்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள், ‘முழு கிரகணத்தையே பார்த்தாச்சு’ என்று நினைத்திருந்தால், அது சரியல்ல. அது வளைய கிரகணம். முழு சூரிய கிரகணம் வேறு. அதைப் பார்க்கும் முறையும் வேறு.

சூரியனின் விட்டம் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது. அது நம்மிடமிருந்து இருக்கும் தூரமும் சுமார் 400 மடங்கு அதிகம். அதனால்தான் வானத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிகின்றன. நிலா பூமிக்குக் கொஞ்சம் அருகில் இருக்கும் நாளில் குறுக்கே வந்தால் சூரியன் முழுசாக மறையும். தள்ளி இருந்தால் ஓரம் மிஞ்சி வளையமாகும்.

99 சதவிகிதம் போதாது!

முழு நிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. 99 சதவிகிதம் மறைந்தாலும், மிச்சமிருக்கும் கீற்று முழு நிலவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கூசும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், அது கருகும்போது நமக்கு உறைக்காது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் பாதுகாப்பு தராது. ஐ.எஸ்.ஓ 12312-2 தரத்திலான கிரகணக் கண்ணாடிதான் வேண்டும். அதை அணிந்துகொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் ஆபத்து.

கண்ணாடி கிடைக்காவிட்டால், அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழவைத்துப் பார்க்கலாம். மரத்தடி நிழலிலும் குட்டிக் குட்டிப் பிறைகள் தெரியும்.

அந்தச் சில நிமிடங்கள்...

நிலாவின் விளிம்பில் ஒளி மணிமணியாக உடைந்து, கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைரமோதிரம் போல மின்னும். அது அணைந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றலாம். அதுவும், கிரகணம் முழுமையாகும் பாதைக்குள் நிற்பவர்கள் மட்டும்.

அப்போது கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை இழைகளாகத் தெரிவது கரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். அதன் வெளிச்சம் முழு நிலவின் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. கண்ணாடியைக் கழற்றாதவர்களுக்கு அந்த நேரத்தில் வெறும் இருட்டுதான் தெரியும். பட்டப்பகலில் வெள்ளி கோள் தெரியும், காற்று குளிரும், அடிவானம் முழுக்க அந்திநிறம் படரும். மறுபக்கம் முதல் ஒளிப்புள்ளி தெரிந்ததும் கண்ணாடி திரும்பக் கண்ணுக்கு வந்துவிட வேண்டும்.

இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் விஞ்ஞானிகள் கடல் தாண்டி வந்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யரும் ஆராய்ந்தார். சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அது பிடிபட்டது 1895-ல்!

பயம் வேண்டாம்

கிரகணத்தின்போது சூரியன் புதிதாக எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. தட்டில் உலக்கை நிற்பதுகூட கிரகணத்தால் அல்ல. பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை, கண்ணாடி கொடுத்துக் கூடவே நின்றால் போதும்.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் 6 நிமிடங்களுக்கும் மேல் சூரியன் மறையும். 2034 மார்ச் 20 அன்று முழு கிரகணப் பாதை கார்கில் பகுதியைத் தொடுகிறது. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் அந்தத் தேதியைச் சொல்லிவையுங்கள். கூடவே இதையும்: ‘வைரம் அணைந்தால் கழற்று, திரும்ப மின்னினால் போடு.’