ஸ்கேன்னா வயிறு மட்டும்தானா?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ பக்கம் இருக்கிறவங்களுக்கு எங்க அத்தையோட குரல் தெரிஞ்சிருக்கும். விடியக்காலையிலேயே காசிமேடு போய் மீன் எடுத்துட்டு வந்து, தெருமுனையில் நின்னு ஒரு கூவு கூவினா மூணாவது மாடிக்காரங்க பாத்திரத்தோட இறங்கி வருவாங்க. போன வருஷம் கழுத்துல தைராய்டு கட்டி எடுத்தாங்க. கட்டி போச்சு, கூடவே குரலும் போச்சு. வெறும் காத்துதான் வந்தது. தண்ணி குடிச்சா புரை ஏறும். கேட்டதுக்கு, "மயக்க மருந்துக்குக் குழாய் விட்டோம்ல, அந்தப் புண்ணு, சரியாயிடும்" என்றார்கள். ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு இடத்தில் மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, இடது பக்கக் குரல்நாண் அசையவே இல்லை.

அந்த ரெண்டு மாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வயரிங்கைப் பாருங்கள். குரல்நாணை அசைக்கிற நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வராது. அதைத் தாண்டிக் கீழே இறங்கி, இடது பக்கத்தில் இதயத்துக்கு மேலே இருக்கிற பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு, தைராய்டின் முதுகை ஒட்டி மறுபடி மேலே ஏறும். நம்ம கேபிள் லேஅவுட்டை இப்படிப் போட்டால் வைவாவில் கிழித்துவிடுவார்கள். தைராய்டில் கை வைக்கும்போது அந்த நரம்பு இழுபடலாம், சூடுபடலாம், சில நேரம் அறுபடலாம். அனுபவமுள்ள டாக்டர் கையிலும் நூற்றில் சிலருக்கு இது நடக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும் என்பதால், அத்தையிடம் சொன்ன சமாதானத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். குழாய் விட்டாலும் தொண்டை கட்டும்தான். என் கோபம், பார்க்காமலே சொன்னதில்.

ஏனென்றால் காதால் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. குரல் கரகரத்தவருக்கு நரம்பு நன்றாக இருக்கலாம். ஒரு பக்கம் செயலிழந்தும், மறுபக்கம் ஈடுகட்டுவதால் சாதாரணமாகப் பேசுகிறவரும் உண்டு. இவர் இன்னொரு முறை கழுத்து ஆபரேஷனுக்குப் போய் அடுத்த பக்க நரம்பும் அடிபட்டால், மூச்சுப் பாதையே அடைபட்டுக் கழுத்தில் துளை போட வேண்டிய நிலை வரலாம். அதனால் நாணை நேரில் பார்த்தே ஆகணும். பார்க்க இதுவரை வழக்கமான வழி அந்த மூக்குக் கேமரா. அதற்குக் காது மூக்கு தொண்டை டாக்டர் வரணும், கருவி காலியாக இருக்கணும், புது ரணத்தோடு இருக்கிற நோயாளியும் சம்மதிக்கணும். எல்லாருக்கும் செய்யாமல் விடுவதற்கு இவ்வளவு காரணம் போதாதா?

அல்ட்ராசவுண்ட் இங்கேதான் வருகிறது. தைராய்டு கட்டியைப் பார்க்கப் பயன்படுத்துகிற அதே தட்டையான ப்ரோப்பைத்தான் தொண்டை எலும்பின் மேல், தையலுக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். பிசிக்ஸ் நமக்குத் தெரிந்ததுதான்: திசுவில் ஒலி விநாடிக்கு சுமார் 1540 மீட்டர், 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர். குரல்நாண் கறுப்பாகத் தெரியும். மூச்சு இழுத்தால் ரெண்டும் விலகணும், "ஆ" என்றால் சேரணும். ஒன்று மட்டும் சும்மா நின்றால் விஷயம் புரிந்துவிடும். படுக்கையிலேயே, ஓரிரு நிமிஷத்தில். 2013இல் ஹாங்காங் அறுவை மருத்துவர்கள் 200 பேருக்கு மேல் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேமரா காட்டிய பழுதுகளில் பெரும்பாலானதை ஸ்கேனும் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. வயசானால், அதிலும் ஆண்களுக்கு, தொண்டைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்துவிடும். அலை உள்ளே போகாது, படத்தில் நிழல்தான் மிஞ்சும். ப்ரோப்பைப் பக்கவாட்டில் வைத்தால் கொஞ்சம் தேறும். நான் கேட்பதும் கேமராவைத் தூக்கிப் போடச் சொல்லி அல்ல. கழுத்தில் கத்தி வைக்கிற எல்லோருக்கும் முன்னே ஒரு ஸ்கேன், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு ஸ்கேன். படம் தெளிவில்லையா, அசைவில் சந்தேகமா, அவர்களுக்குக் கேமரா. அத்தைக்கு முதல் வாரமே தெரிந்திருந்தால் பேச்சுப் பயிற்சியை அப்போதே தொடங்கியிருக்கலாம், தண்ணி எப்படிக் குடிக்கணும் என்றும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

தைராய்டு ஆபரேஷனைப் பற்றிப் படித்தால், 1935இல் கழலை எடுத்த பிறகு குரல் போனதாகச் சொல்லப்படும் ஓபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சி கதை கட்டாயம் வரும். பாவம்தான். ஆனால் குரலை வைத்துப் பிழைப்பவர் என்றால் பாடகர் மட்டும்தானா? டீச்சர், கண்டக்டர், துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சத்தம் கொடுக்கிறவர், மீன்காரம்மா, எல்லாரும் அந்தக் கணக்கில் வரணும்.

இனி நம்ம பக்கம். 'பாக்கெட் ப்ரோப் வாங்கி போனில் மாட்டிடலாம்' என்று யோசிக்காதீங்க. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவிக்குப் பதிவு, பதிவு பெற்ற இடம், தகுதியுள்ள டாக்டர் எல்லாம் வேண்டும். நம்ம நாட்டில் அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவமனையில் எடுத்த வீடியோவில், இடதும் வலதும் ஒரே அளவு அசைகிறதா என்று அளந்து சொல்கிற சாஃப்ட்வேரை நாம் எழுதலாம். டாக்டருக்குப் பதிலாக அல்ல, ராத்திரி டியூட்டி டாக்டருக்குத் துணையாக. ஒன்று மட்டும் கவனம்: ஹாஸ்டல் பசங்க கழுத்து மாதிரி இளசான கழுத்தாகவே பார்த்து மாடலை ட்ரெயின் பண்ணினால் ரிசல்ட் சூப்பராக வரும், அறுபது வயசுத் தாத்தாவிடம் படுத்துவிடும்.

அட்டென்டன்ஸ், ஃபேஸ் ரெகக்னிஷன்னு நாலாவது பேட்ச்சாக அதையே பண்ணப் போறீங்களா? ஜீரோத் ரிவ்யூ வருது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கு, மாத்தூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு மாசக்கணக்கில் ஆகும், அதனால் கைடைப் பிடித்து லெட்டரை இந்த வாரமே எழுத வையுங்க.