கொதிக்கும் லாரியும் கிளீனரின் கையும்

கோபோலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் மலைச்சாலையில், ஓரங்கட்டி நிற்கும் பழைய லாரியையும் அதன் முன்னால் எழும் ஆவியையும் பார்க்காத நம்மவர் குறைவு. வண்டி கொதித்தால் முதலாளிகள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை." நடை தாமதமானால் பேட்டாவில் கை வைப்பதும் உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடுவதோ கிளீனர் பையன். இது நியாயமா?

எஞ்சின் கொதிப்பதற்குப் பெரும்பாலும் சில்லறைச் சாமான்களே காரணம். செலவு குறைந்ததை முதலில் பாருங்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ரேடியேட்டரின் முன்புறம் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? ஹோஸ் குழாய் உப்பியோ வெடித்தோ இருக்கிறதா? வாட்டர் பம்ப்பின் அடியில் சொட்டுகிறதா? நெரிசலில் சூடேறி, வேகமாக ஓடினால் தணிந்தால் பெல்ட்டையும் ஃபேனையும் சந்தேகியுங்கள். லோடோடு மலை ஏறும்போது மட்டும் கொதித்தால், ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கலாம். போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளுக்கு வரும் நோய் இது. வெளியே சொட்டாமல் தண்ணீர் குறைவதும், ஆயில் பால்போல வெளுப்பதும், ரேடியேட்டரில் குமிழி வருவதும் ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம். அதன் பிறகு வண்டியை ஓட்டக்கூடாது.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, சூடு குறையும்" என்பது சில பட்டறைகளின் வைத்தியம். இது தவறு. பல எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். மலையில் சூடு கூடும். சமவெளியிலோ எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மூடி விஷயம் உயிர் விஷயம். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிக்குள் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த மறுகணமே அது ஆவியாகி முகத்தில் பாயும். எனவே வண்டியை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பிறகு கனமான துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் பிடிவரை மட்டும் திருகி ஆவி அடங்கக் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

முதலாளிகளிடம் நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. நடைக்கு முன் பெல்ட், ஹோஸ், மூடி ஆகியவற்றைப் பார்த்து மாற்றுங்கள். நல்ல தண்ணீரும் கூலண்டும் ஊற்றுங்கள். ஆறும் நேரத்துக்குப் பேட்டாவில் பிடிக்காதீர்கள். அவசரப்படுத்தினால்தானே பையன் சூடான மூடியைத் திறக்கிறான்? டிரைவர் அண்ணன்களே, அவனை மூடியருகே விடாதீர்கள். மாற்று மூடி கடையில் கிடைக்கும். வெந்த முகத்துக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.