செட் ஆகாது சார்!

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் கடவுளும் இல்லை, காதலும் இல்லை, ‘செட்’. 430 பொருள்கள். அவற்றை விளக்கவே ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. ஒரு நடுத்தர நாவல் அளவு. அகராதியைப் புதுப்பிக்கும் வேலையில் பிற்பாடு ‘ரன்’ என்ற வினைச்சொல்லைக் கையில் எடுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர், அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் குடித்தனம் நடத்தி 645 பொருள்களைப் பிரித்து வைத்தார். செட்டின் பட்டம் பறிபோனது.

அங்கே போனால் போகட்டும். தமிழ்நாட்டில் ‘ரன்’ கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி அதிகம் ஓடவில்லை. செட்டோ நம் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது.

ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலமே மைக்செட்காரர் வேப்பமரத்தில் குழாய் கட்டிவிடுவார். வாசல் பந்தலில் சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக ஓடும். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்ட் செட். பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு ஒரு நகை செட், வரவேற்புக்கு வேறொரு செட். இரண்டாவது பெரும்பாலும் கவரிங், அதைக் கேட்கக் கூடாது. முன்வரிசை நாற்காலியில் தாத்தா பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அவரும் நானும் ஒரே செட்டு, ஒண்ணா மாடு மேய்ச்சவங்க” என்று பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்துவார். பந்தலுக்குப் பின்னால் ஏழெட்டு இளவட்டங்கள் தனி செட்டாகச் சுற்றும். அதில் ஒருவனுக்கு ஆள் செட் ஆகிவிட்டதாக மற்றவர்கள் கிசுகிசுப்பார்கள். மறுநாள் காலை எல்லாரும் குளிக்கப் போவது பம்ப்செட்டுக்கு.

இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறது. யாருக்கும் குழப்பம் இல்லை. பல்செட் வாங்கிவா என்றால் பேண்ட் செட்டோடு வந்து நிற்பவர் எவரும் இல்லை.

ஆங்கிலத்திலேயே இது ஒரே சொல்லாகப் பிறந்தது அல்ல. ‘வை, அமர்த்து’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினை ஒன்று. பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த, ‘பின்பற்றுவோர் கூட்டம்’ என்ற பொருளுள்ள லத்தீன் பெயர்ச்சொல் இன்னொன்று. சிலை வைப்பதும் சூரியன் இறங்குவதும் முதல் வம்சம். நகை செட்டும் நம் தாத்தாவின் செட்டும் இரண்டாவது வம்சம். வழியில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே முகம் ஆகிவிட்டன. கணக்குப் பாடத்தில் இதே சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கணம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘தொடை’ என்கிறது. இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் பரீட்சை முடிந்ததும் இரண்டையும் வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

சினிமாக்காரர்களின் செட் முதல் வம்சத்தில் சேரும் என்று நினைக்கிறேன். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையிலேயே மும்பைத் தாராவியை எழுப்பினார். அந்தக் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலருக்கு அது செட் என்றே தெரியாது. ஆனாலும் நம் ஊரில் செட் என்றால் லேசாக ஒரு பொய் வாடை. அந்த வாடை முற்றினால் ‘செட்டப்’. அதன் இன்னொரு பொருளைக் குடும்பத்தோடு படிக்கும் இந்தப் பத்தியில் விளக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

நான் பேச வந்தது பெயர்ச்சொல்லைப் பற்றி இல்லை. ‘செட் ஆகுது’, ‘செட் ஆகல’ என்ற வினையைப் பற்றி.

இதில் ஆங்கிலத்துக்கு மிக அருகில் நிற்பவர் கொத்தனார்தான். “கான்கிரீட் செட் ஆகட்டும், அப்புறம் மேல ஏறுங்க” என்று அவர் சொல்வது ஆங்கிலேயருக்கும் புரியும். அந்த செட்டுக்குக் கெடுவும் உண்டு. இந்தியத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் தண்ணீர் பட்ட 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். ஒரு கருவியில் சன்னமான ஊசியைத் தொங்கவிட்டு, அது சிமெண்ட் பசைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் இறக்கிப் பார்க்க அப்படி ஊசி கிடையாது. “எனக்கு நீலம் செட் ஆகாது”, “அந்த மேனேஜரோட செட் ஆகல”, “மெட்ராஸ் தண்ணி செட் ஆகல”, “ஜாதகம் பொருந்துச்சு, ஆனா செட் ஆகல” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவற்றில் ஒன்றைக்கூட லண்டனில் போய் இதே சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே இதற்கு வேறு சொல். ஆகவே இதை ஆங்கிலக் கலப்பு என்று திட்டுவதில் அர்த்தமில்லை. இந்தப் பொருள் நாமே வளர்த்தது. ஆறு கோப்பை உள்ள டீ செட்டில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் வேறு கோப்பையை வைத்தால் கண்ணை உறுத்துமே, அங்கிருந்துதான் ‘பொருத்தம்’ என்ற பொருள் கிளைத்திருக்கும் என்பது என் ஊகம். இன்னொன்றும் உண்டு. ‘செட்டு’ என்று தமிழிலேயே ஒரு பழைய சொல் இருக்கிறது. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்போம். சிக்கனம் என்று பொருள். இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனாலும் காதுக்குப் பழகிய ஓசையாக இருந்ததால் புதியவனுக்குத் திண்ணையில் உடனே இடம் கிடைத்திருக்கலாம்.

செட் வந்து உட்கார்ந்த திண்ணையில் ஏற்கெனவே யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்றோம். உடம்பு மறுக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிந்தது. விலை ‘கட்டுப்படியாகவில்லை’ என்றோம், காசு சம்பந்தப்பட்டது. வரன் ‘கூடி வரவில்லை’ என்றால் நேரம் வரவில்லை, யார்மீதும் குறை இல்லை. ‘பிடிக்கவில்லை’ என்றால் மனசு. ‘ஒத்துப்போகவில்லை’ என்றால் இருவரும் முயன்றார்கள், முடியவில்லை. ‘எடுபடவில்லை’ என்றால் பார்ப்பவர் கண்ணில் நிற்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் காரணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தது. செட் அத்தனை பேரையும் எழுப்பி அனுப்பிவிட்டுக் காலியான மடியோடு உட்கார்ந்திருக்கிறது. ‘செட் ஆகல’ என்பதில் யார் மறுத்தார், எதற்காக மறுத்தார் என்ற இரண்டுமே இல்லை. சிமெண்ட் தானாக இறுகுவதுபோலக் காரியமும் தானாகவே நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சௌகரியத்தை எல்லாரும் கண்டுகொண்டார்கள். காதலை முறித்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு இது வசதி. அதைக்கூட மன்னித்துவிடலாம், அந்த வயதில் காரணம் அவர்களுக்கே தெரியாது. வேலைக்கு நேர்முகம் நடத்தியவர் “உங்க ப்ரொஃபைல் செட் ஆகல” என்று முடித்துக்கொள்கிறார். கேட்ட சம்பளம் அதிகமா, வயது அதிகமா, படித்த கல்லூரி பிடிக்கவில்லையா என்று அந்தப் பையனுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

வீட்டுத் தரகர்களிடம் போனால் இந்தச் சொல்லின் முழு வீச்சும் தெரியும். நண்பர் ஒருவருக்கு வாடகை வீடு பார்க்கச் சென்னையில் அவரோடு சில நாள் அலைந்தேன். ஓரிடத்தில் எல்லாம் கூடி வந்தது. மாடிப்படி அகலம், தண்ணீர் வசதி, அட்வான்ஸ் தொகை எதிலும் தகராறு இல்லை. வீட்டுக்கார அம்மா காபிகூடக் கொடுத்தார். தம்ளரை வாங்கி வைக்கும்போது, “தம்பி முழுப் பேரு என்னன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். நண்பர் சொன்னார். “அப்பா என்ன பண்றாங்க? சொந்த ஊரு எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, வெளியவா?” என்று அடுத்தடுத்துக் கேட்டார். நண்பர் அதற்கும் பதில் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினார். தெருமுனையைத் தாண்டுவதற்குள் தரகரின் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், “அது செட் ஆகாது சார், வேற பார்க்கலாம்” என்றார்.

“எது செட் ஆகாது?” என்று கேட்டேன். “அதான் சார்... செட் ஆகாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையைச் சொன்னால் நண்பர் மனம் நோகும், நாளைக்கு அந்த அம்மா வேறு தரகரிடம் போய்விடுவார். இரண்டு பக்கமும் அடி விழாமல் காப்பாற்ற அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, கிடைத்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் அதற்கு முன்பும் பல தெருக்களில் கேட்டிருக்கிறார் என்று பிறகு சொன்னார்.

தூய தமிழ் அன்பர்கள் இந்தச் சொல்லை விரட்டச் சொன்னால் நான் அந்த ஊர்வலத்துக்கு வரமாட்டேன். பம்ப்செட்டும் சீரியல் செட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு தோசையும் வடகறியும் சேர்ந்த செட் தோசையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சட்டை, சினிமா, சாம்பார் எதற்கு வேண்டுமானாலும் ‘செட் ஆகல’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு மனிதரை வேண்டாம் என்று சொல்லும்போது மட்டும் இது உதவாது. வீடோ வேலையோ பெண்ணோ, உங்களிடம் யாராவது ‘செட் ஆகாது’ என்று முடிக்கப் பார்த்தால், “ஏன்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை நகராதீர்கள்.