ஒரே ஊர்... இரண்டு ‘ஸ்ரீ’!

வேலை தேடும் தளம் ஒன்றில் ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று தமிழில் தட்டுகிறீர்கள். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ்... இத்தனை ஆலைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு வேலைகூடவா இல்லை?

இருக்கலாம். தேடல் பெட்டிக்குத்தான் அது தெரியவில்லை.

சிக்கல் முதல் எழுத்திலேயே தொடங்குகிறது. யூனிகோடில் பழைய ‘ஸ்ரீ’ என்பது ‘ஸ’வில் தொடங்கும். 2005-ல் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பிறகு, அதில் தொடங்கும் இன்னொரு ‘ஸ்ரீ’யும் வந்தது. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. விளம்பரம் கொடுத்தவரின் கீபோர்டு ஒன்றைப் போட்டு, உங்கள் கீபோர்டு மற்றதைப் போட்டால் வேலை கண்ணில் படாது. எழுத்துப்பிழை யாருடையதும் இல்லை!

சாதாரண தேடல் பெட்டிகள் பல, தட்டிய எழுத்துகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். ‘ஒரகடம்’ என்று தேடினால் ‘ஒரகடத்தில் ஆட்கள் தேவை’ சிக்காது. ‘சுங்குவார்சத்திரம்’ நடுவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் அதே கதிதான்.

இதற்கென்றே தனி தேடல் இன்ஜின்கள் இருக்கின்றன. அதில் பிரபலமான எலாஸ்டிக்சர்ச் 2010-ல் வந்தது. அதன் வேர் ஒரு சமையலறையில்! சமையற்கலை படித்த மனைவியின் ரெசிப்பிகளைத் தேட வழிசெய்யப்போய், ஷே பேனன் என்ற இன்ஜினீயர் இந்தத் துறைக்குள் வந்தார். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் இருக்குமே, அப்படி முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. ஓரெழுத்து மாறினாலும் நெருங்கிய சொல்லைப் பிடித்துவிடும்.

‘ஒரகடத்தில்’ போன்ற சொற்களின் வால்பகுதியை வெட்டிப் பார்க்கும் வசதியும் தமிழுக்கு உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 2019-லேயே அது வந்துவிட்டது. எல்லாச் சொல்லிலும் சரியாக வெட்டாதுதான். ஆனால், ‘தமிழுக்கு எதுவும் இல்லை’ என்று இனி சாக்குச் சொல்ல முடியாது.

இன்ஜினை மாட்டினால் மட்டும் போதாது. இரண்டு ‘ஸ்ரீ’யும் ஒன்று, திருப்பெரும்புதூரும் அதே ஊர்தான் என்று யாராவது உட்கார்ந்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் தெரிந்த ஒருவர் போதும்.

அதுவரை உங்களுக்கு ஒரு வழி: கூகுளில் ஊர்ப் பெயரைத் தட்டி, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’, முக்காற்புள்ளி, அந்தத் தளத்தின் முகவரி மூன்றையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தேடுங்கள். லாகின் செய்தால் மட்டுமே தெரியும் பக்கங்கள் இதில் வராது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.